மார்கழிப் பந்தயத்துக்கு 16 வாரம்: வேலைக்குப் போய்க்கொண்டே அரை மாரத்தானில் நேரத்தைக் குறைப்பது எப்படி?

ஜனவரி முதல் வாரத்தையொட்டி வரும் சென்னை மாரத்தானில் 21.1 கி.மீ. ஓட்டத்தை 1 மணி 45 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு லாகின். வாரத்தில் இரண்டு மூன்று இரவு வெளிநாட்டு கிளையன்ட்டோடு போன் கால். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை. இப்படி இருப்பவருக்கான திட்டம் இது. வாரத்துக்கு 25 கி.மீ. சிரமமில்லாமல் ஓடுகிறவர், 10 கி.மீ. பந்தயம் ஒன்றிரண்டு முடித்தவர் என்பது கணக்கு. இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை என்றால் முதலில் இரண்டு மாதம் மெதுவாக ஓடி அங்கே வந்து சேருங்கள்.

நேரம் இல்லை என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தத் திட்டத்தில் உச்சத்தில் இருக்கும் வாரம்கூட 50 கி.மீ.தான், ஐந்து மணி நேர ஓட்டம், வார்ம்-அப், குளியல், உடற்பயிற்சி எல்லாம் சேர்த்து ஏழரை மணி. வாரத்தின் 168 மணி நேரத்தில் அதைத் தேடி எடுத்துவிடலாம். எடுக்க முடியாமல் போவது தூக்கம்தான். இரவு பத்தரைக்குக் கால் முடித்து, நாலரைக்கு எழுந்து, தடகள மைதானத்தில் வேகமாக ஓடி, அப்படியே ஆபீஸ் போனால் அந்த ஓட்டம் உடம்பில் சேராது. மூன்று வாரம் அப்படி ஓடியவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அல்லது காய்ச்சல் வரும். ஆகவே ஓட்டத்தை எந்த நாளில் வைப்பது என்று யோசிப்பதற்கு முன் எந்த இரவில் நன்றாகத் தூங்க முடியும் என்று பாருங்கள். ஓட்டம் அதற்கு அடுத்த காலையில் போய் உட்காரட்டும்.

முழுநேர வேலை பார்த்துக்கொண்டே உச்சத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் யூகி கவாவுச்சி சைதாமா மாகாண அரசு ஊழியராக ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே 2018 பாஸ்டன் மாரத்தானைக் கொட்டும் மழையில் 2:15:58 நேரத்தில் வென்றார். பிற்பகலில் தொடங்கும் பணி என்பதால் காலையில் ஓடினார். தொழில்முறை வீரர்கள் நாளுக்கு இருமுறை ஓடும்போது இவருக்கு ஒரு வேளைதான். 1954-இல் ஒரு மைலை முதன்முதலாக நான்கு நிமிடத்துக்குள் ஓடிய ரோஜர் பேனிஸ்டர் லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டே மதிய இடைவேளையில் பயிற்சி எடுத்தார். இருவரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கடினமான பயிற்சி குறைவாக இருந்தது, ஆனால் அது தவறவே இல்லை.

முதலில் நாள்காட்டி

பந்தய நாளிலிருந்து 16 வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். ஜனவரி முதல் ஞாயிறு என்றால் செப்டம்பர் நடுவில், ஏறக்குறைய புரட்டாசி முதல் தேதியில் வந்து நிற்கும். இது நம் ஊர் வாழ்க்கைக்கு மிகவும் ஒத்துவரும் காலம். புரட்டாசியில் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. அடித்தளம் போட நல்ல மாதம். ஐப்பசியும் கார்த்திகையும் தீபாவளி, முகூர்த்தம், வடகிழக்குப் பருவமழை என்று மூன்றும் சேர்ந்து இழுக்கும்; எந்தெந்த ஞாயிறு போகும் என்பதை இப்போதே குறித்துவிடுங்கள். மார்கழியில் முகூர்த்தமே கிடையாது, மழையும் ஓயும், குளிரும் வரும். ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுக்க வேண்டிய கடைசி மூன்று வாரமும் அதிலேயே விழுகிறது.

இப்போது அதே தாளில் வேலையை எழுதுங்கள். சாஃப்ட்வேர் ரிலீஸ், காலாண்டு முடிவு, ஆடிட். வரித் தணிக்கை வேலையில் இருப்பவருக்குச் செப்டம்பர், அக்டோபர் இரண்டும் கழுத்தை நெரிக்கும் மாதங்கள். அவர் பிப்ரவரியில் பந்தயம் பார்ப்பது நல்லது. டிசம்பரில் கோவை, ஜனவரியில் சென்னையும் மும்பையும் என்று அருகருகே பந்தயங்கள் இருக்கின்றன. நண்பர்கள் பதிவு செய்தார்கள் என்பதற்காக நீங்களும் செய்யாமல், பந்தயத்துக்கு முந்தைய எட்டாவது வாரம் முதல் மூன்றாவது வாரம் வரை வேலை ஓரளவு அடங்கியிருக்கும் பந்தயமாகத் தேர்ந்தெடுங்கள். அந்த ஆறு வாரத்தில்தான் பந்தய நேரம் குறைகிறது. மற்ற வாரங்களில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம்.

பதிவுக் கட்டணம் கட்டும் அன்றே பந்தயத்துக்கு அடுத்த திங்கட்கிழமைக்கு லீவு போட்டுவிடுங்கள்.

வேகம்: எந்த ஓட்டம், எவ்வளவு

இப்போதைய 10 கி.மீ. நேரத்தை 2.2-ஆல் பெருக்கினால் அரை மாரத்தானில் இன்று என்ன ஓடுவீர்கள் என்பது ஏறக்குறைய தெரியும். 50 நிமிடம் என்றால் 1:50, அதாவது 1 மணி 50 நிமிடம். 16 வாரத்தில் அதை 1:45-க்குக் கொண்டுவருவது எட்டக்கூடிய இலக்கு. 55 நிமிடம் என்றால் இன்றைய கணக்கு 2:01. இந்தப் பருவத்துக்கு 1:55 வையுங்கள், அடுத்த ஆண்டு மேலே போகலாம்.

1:45-க்குப் பந்தய வேகம் கி.மீ.க்கு 4:58 (4 நிமிடம் 58 வினாடி). அதை வைத்து மற்றவை: ஈஸி ஓட்டம் (மெதுவான, இலகுவான ஓட்டம்) 5:50 முதல் 6:20 வரை. டெம்போ (நிற்காமல் ஒரே சீராகச் சற்றுக் கடினமாக ஓடுவது) 4:50. ஆயிரம் மீட்டர் இன்டர்வெல் (வேகமாக ஓடி, நடுவே மெதுவாக ஓடித் தேறி, மீண்டும் வேகமாக ஓடுவது) 4:35 முதல் 4:40 வரை, அதாவது 400 மீட்டர் தடகள மைதானத்தில் ஒரு சுற்று 110 முதல் 112 வினாடி.

இந்த எண்களை அப்படியே செப்டம்பரில் துரத்தக் கூடாது. புரட்டாசிக் காலையில் சென்னையில் வெப்பம் 26 டிகிரியை ஒட்டி இருக்கும், காற்றில் ஈரம் கனத்துக் கிடக்கும். வியர்வை காயாமல் வழிந்தோடும், உடம்பு குளிராது. அதே உழைப்புக்கு வேகம் கி.மீ.க்கு 15, 20 வினாடி குறைவது இயல்பு. அன்று 5:10-இல் ஓடிய டெம்போ மார்கழியில் 21, 22 டிகிரியில் தானாக 4:50-ஐ நோக்கி இறங்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் கடிகாரத்தோடு சண்டை போடுகிறவர்கள் ஐப்பசி முடிவதற்குள் களைத்துப்போகிறார்கள். வெக்கையில் மூச்சை நம்புங்கள்: ஈஸி ஓட்டத்தில் முழு வாக்கியம் பேச வர வேண்டும்; டெம்போவில் நாலைந்து சொல்; இன்டர்வெலில் ஒன்றிரண்டு சொல்.

வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் ஈஸி ஓட்டத்துக்குத்தான். கிடைப்பது நாற்பது நிமிடம், அதை வீணாக்கக் கூடாது என்று 5:15-இல் ஓடிவிடுகிறார்கள். அது உடம்பைத் தேற்றவும் தேற்றாது, வேகத்தையும் கூட்டாது. மறுநாள் டெம்போவில் பாதியிலேயே கால் ஈயம் போல் ஆகிவிடும். புதன்கிழமை உங்களைத் தாண்டிப் போகிறவரைப் போகவிடுங்கள்.

வாரத்தில் மூன்று தூண்

செவ்வாய் இன்டர்வெல், வியாழன் டெம்போ, ஞாயிறு லாங் ரன் (நீண்ட தூர ஓட்டம்). இந்த மூன்றும் தூண். புதன், சனி ஈஸி ஓட்டம் ஆறாறு கி.மீ.; வேலை முட்டினால் முதலில் விடவேண்டியவை இவைதாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். திங்கள், வெள்ளி ஓட்டமில்லை. அந்த நாட்களில் இருபது நிமிடம் வலுப்பயிற்சி போதும்: ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தல் பக்கத்துக்கு 15 வீதம் மூன்று சுற்று, படியில் ஏறி இறங்குதல் பக்கத்துக்கு 12, எடை பிடித்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்) 10, பிளாங்க் (முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பை நேராகத் தாங்குதல்) 45 வினாடி. குதிகால் உயர்த்தலை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாள் முழுக்க நாற்காலியில் சுருங்கிக் கிடக்கும் கெண்டைக்காலும் அதன் கீழே உள்ள அக்கிலிஸ் நாணும்தான் இந்த வகை ஓட்டக்காரர்களுக்கு முதலில் அறும் இழை.

ஆபீஸ் கால் இருக்கும் இரவுகளை எங்கே வைப்பது என்பதில்தான் திட்டம் நிற்பதும் விழுவதும். மேனேஜரிடம் பொதுவாக "கொஞ்சம் ஒத்துழைப்பு வேண்டும்" என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. திங்கள் இரவும் புதன் இரவும் ஒன்பதுக்கு மேல் கால் வேண்டாம், செவ்வாய், வியாழன் எந்த நேரமானாலும் நான் இருக்கிறேன் என்று கேளுங்கள். இரண்டு இரவைக் கொடுத்து இரண்டு இரவை வாங்குகிறீர்கள். டீமில் இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளவும் இது எளிது. காலண்டரில் அந்த இரண்டு இரவையும் பிளாக் செய்துவிடுங்கள். மாற்றவே முடியாது என்றால் தூண்களை நகர்த்துங்கள்: புதன் இன்டர்வெல், வெள்ளி டெம்போ. இரண்டு கடின நாளுக்கு நடுவே ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது.

முந்தைய இரவு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்று வேக ஓட்டம் கிடையாது, ஈஸியாக மாற்றுங்கள். ஐந்துக்கும் குறைவு என்றால் ஓடாதீர்கள், அலாரத்தைத் தள்ளி வைத்துத் தூங்குங்கள். பிற்பகல் இரண்டுக்கு மேல் ஃபில்டர் காபி வேண்டாம். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக் காபி பத்து மணித் தூக்கத்தில் கைவைக்கும்.

இரவு ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் வேலை முடிந்து வந்த காலையில் ஓட வேண்டாம். தூங்கி எழுந்து, ஷிஃப்ட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஓடுங்கள். தூக்கக் கலக்கத்தில் சாலையில் ஓடுவது கால் இடறுவதோடு நிற்காது. எதிரே வரும் வண்டியைக் கணிக்கும் திறனும் மங்கிப்போயிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கிட்டத்தில் பார்த்தால்

வேலை திங்கள் இரவே தொடங்குகிறது. சாப்பாடு ஏழரைக்குள். ஷூ, சாக்ஸ், பனியன், ஷார்ட்ஸ், சார்ஜ் ஏறிய கடிகாரம், வீட்டுச் சாவி, ஒரு ஐம்பது ரூபாய்த் தாள், ஒளிபிரதிபலிக்கும் மேலங்கி எல்லாம் வாசலருகே ஒரே இடத்தில். ஆபீஸ் உடையும் இஸ்திரி போட்டு மாட்டியிருக்கட்டும். காலையில் ஒரு சாக்ஸைத் தேடும் ஐந்து நிமிடம் கடைசி ஆயிரம் மீட்டரைத் தின்றுவிடும். ஒன்பதரைக்குப் படுக்கை.

4:40-க்கு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர், அரை வாழைப்பழம், விரும்பினால் சிறிய காபி. கழிவறைக்கு அவகாசம் கொடுங்கள். 5:05-க்கு வெளியே. 5:10 முதல் 2 கி.மீ. மெதுவான ஓட்டம், பிறகு ஐந்து நிமிடம் கால் வீச்சு, முழங்காலை உயர்த்தி ஓடுதல், 80 மீட்டர் வேகக் கூட்டல் மூன்று முறை. ஏழு மணி நேரம் படுத்திருந்த இடுப்பும் முந்தின நாள் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்த இடுப்பும் ஒன்றுதான். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்தால் முதல் ஆயிரம் மீட்டர்தான் உங்கள் வார்ம்-அப் ஆகும், காயமும் அங்கேதான் வரும். 5:27-க்கு முதல் ஆயிரம். ஐந்து முறை ஆயிரம் மீட்டர், நடுவே இரண்டரை நிமிடம் மெல்லோட்டம். மொத்தம் 33 நிமிடம். பத்து நிமிடம் கூல்-டவுன். 6:10-க்கு முடிந்தது. 6:20-க்கு வீடு, ஏழுக்குக் குளித்துச் சாப்பிட்டாயிற்று, பிள்ளையைப் பள்ளிக்கு விடலாம்.

தடகள மைதானம் பக்கத்தில் இல்லையென்றால் மெரினா நடைபாதையோ எலியட்ஸ் கடற்கரைச் சாலையோ போதும். மெட்ரோ பாலத்துக்கும் பறக்கும் ரயில் பாதைக்கும் அடியில் ஓடும்போது ஜி.பி.எஸ். தாறுமாறாக அளக்கும், அங்கே தூரத்தை விட்டுவிட்டு 4 நிமிடம் 40 வினாடி வேகம், இரண்டரை நிமிடம் மெதுவாக என்று நேரத்தால் ஓடுங்கள். மழை கொட்டும் நாளில் ஆபீஸ் ஜிம்மின் டிரெட்மில்லில் 1 சதவீத ஏற்றம் வைத்து இதே பயிற்சியை மாலையில் முடிக்கலாம். மின்விசிறி முகத்துக்கு நேரே இருக்கட்டும்.

ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிப்பது ஆறரைக்கு. பயிற்சியின் பெரும்பகுதி இருட்டில்தான். நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணைப் பார்க்காமல் நடந்து கடந்துவிடுங்கள். கடித்துவிட்டால், கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. பெண்கள் அந்த நேரத்தில் தனியாக ஓடுவதைவிட அருகில் உள்ள ஓட்டக் குழுவோடு இரண்டு தூண்களையாவது சேர்த்துக்கொள்வது நல்லது. குழு காத்திருக்கிறது என்பதால் படுக்கையை விட்டு எழுவதும் எளிதாகும்.

சாப்பாடும் தண்ணீரும்

கடின ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் 20, 25 கிராம் புரதமும் உள்ளே போக வேண்டும். நாலு இட்லி, இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால் என்றால் அந்தக் கணக்கு முடிந்தது. புரட்டாசியில் கவிச்சி தொடாத வீடுகளில் முட்டைக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். அதிலேயே 14 கிராம் வரை புரதம் இருக்கிறது. வெறும் இட்லி, சட்னி, காபியோடு ஆபீஸ் போனால் பதினொரு மணிக்கு மீட்டிங்கில் கண் சொருகும், மாலையில் கண்டதையும் கொறிப்பீர்கள்.

சாப்பாட்டோடு சேர்த்துக் காபி, டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அவை இரும்புச்சத்தை உடம்பு ஏற்பதைத் தடுக்கும். ஈஸி ஓட்டமே இழுத்துப் பறிக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால், குறிப்பாகப் பெண்கள், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டியிருப்பது சாதாரணம்.

எவ்வளவு தண்ணீர் என்பதை ஊகிக்க வேண்டாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஈர உடை இல்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நடுவே குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னை வெக்கையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போவது சர்வசாதாரணம். 75 நிமிடத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு ஓஆர்எஸ் (நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு, சர்க்கரைப் பொடி) எடுங்கள், பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து. ஒரு லிட்டருக்கான பொடியை அரை லிட்டரில் கலந்தால் வயிற்றைப் பிரட்டும். கடையில் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் எல்லாம் ஓஆர்எஸ் அல்ல. பின்னால் சோடியம் எவ்வளவு என்று படியுங்கள். தாகமே இல்லாமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஓட்டக்காரர்கள் விழுங்கும் எனர்ஜி ஜெல் ஒன்றில் பொதுவாக 20, 25 கிராம்; ஒரு நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அதே. பந்தயத்தில் எதை விழுங்கப் போகிறீர்களோ அதைக் கார்த்திகை ஞாயிறுகளில் விழுங்கிப் பழகுங்கள். வயிற்றுக்கும் பயிற்சி உண்டு.

மாதம் மாதமாக

புரட்டாசி நான்கு வாரமும் வாரத்துக்கு 30-இலிருந்து 38 கி.மீ. வரை. ஞாயிறு 12-இல் தொடங்கி 15. செவ்வாயன்று இன்டர்வெலுக்குப் பதில் ஏற்றம்: பரங்கிமலைச் சாலையிலோ டிரெட்மில்லில் 5 சதவீதத்திலோ 60 வினாடி வீதம் எட்டு முறை. சென்னை தட்டையான ஊர், ஏற்றம் தேடித்தான் போக வேண்டும். ஆனால் காலில் வலுவை விரைவாக ஏற்றுவது அதுதான், மூட்டுக்கு அடியும் குறைவு. வியாழன் டெம்போ 15 நிமிடத்தில் தொடங்கி 20.

ஐப்பசியில் 40 முதல் 46 கி.மீ. ஆயிரம் மீட்டர் இன்டர்வெல் மூன்றில் தொடங்கி ஐந்து வரை. டெம்போ 10 நிமிடம் வீதம் இரண்டு, பிறகு 15 வீதம் இரண்டு, நடுவே 3 நிமிடம். ஞாயிறு 16, 18. தீபாவளி வாரத்தை நான்காவது வாரமாக, அதாவது வழக்கத்தில் கால் பங்கு குறைக்கும் வாரமாக, வைத்துக்கொள்ளுங்கள். பலகாரத்தையும் உறவினரையும் விட்டு ஓட வேண்டிய அவசியமில்லை. ஓடினாலும் முந்தைய இரவின் வெடிப்புகை அடங்கும்வரை வெளியே வேண்டாம்.

கார்த்திகைதான் முக்கியம். 45 முதல் 50 கி.மீ. செவ்வாய் இப்போது நீள்கிறது: 3 கி.மீ. வீதம் மூன்று, 4:55 முதல் 5:00 வரை, நடுவே 3 நிமிடம். ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டுவதால் அந்த வாரங்களில் முதல் மீட்டிங்கை ஒன்பதரைக்குத் தள்ளுங்கள். ஞாயிறு 18 முதல் 21. அதில் கடைசி 5, 6 கி.மீ. பந்தய வேகத்தில். களைத்த காலில் 4:58 எப்படி இருக்கும் என்பதை இந்த ஓட்டம்தான் சொல்லித்தரும். இரண்டு முறையாவது இதைச் சரியாக முடித்தவருக்குப் பந்தயத்தில் 16-ஆவது கி.மீ. அதிர்ச்சி தராது.

மழையும் அப்போதுதான். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான இடங்களில் தேங்கிய நீரில் ஓடாதீர்கள்: திறந்த சாக்கடை மூடி, அறுந்த மின்கம்பி, எலிக்காய்ச்சல் மூன்றும் அதற்குள் இருக்கலாம். தெரியாமல் நனைந்துவிட்டால் வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவித் துடையுங்கள். இரண்டு ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்ததன் உள்பாதத்தை உருவிவிட்டு, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் பசை விடும். 500 முதல் 800 கி.மீ.க்குள் ஷூவின் நடு அடுக்கு மெத்தை செத்துவிடும். அடிப்பக்கம் நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள்.

தவறிய நாளும் வலிக்கும் நாளும்

தவறிய ஓட்டத்தை ஈடுகட்டாதீர்கள். செவ்வாய் போனால் புதனில் செய்து வியாழனும் டெம்போ என்று அடுக்குவதுதான் காயத்துக்கு நேர்வழி. மூன்று நாள் வரை போனால் திட்டத்தில் இன்று என்ன இருக்கிறதோ அதைச் செய்யுங்கள். ஒரு வாரம் போனால் முந்தைய வாரத்தைத் திரும்ப ஓடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் இலக்கை மூன்று நான்கு நிமிடம் தள்ளுங்கள். வாரம் முழுக்க வேலையில் போய், சனி, ஞாயிறு இரண்டிலும் 20, 20 என்று ஓடி 40 கி.மீ. ஆக்குவது எண்ணிக்கையை நிரப்பும், காலை உடைக்கும்.

வலியைப் பத்துக்கு அளந்து பாருங்கள். மூன்று வரை, ஓட ஓடக் குறைந்தால், ஈஸியாகத் தொடரலாம். நடையை மாற்றச் செய்யும் வலி எதுவானாலும் அங்கேயே நிறுத்தி ஆட்டோ பிடியுங்கள். அந்த ஐம்பது ரூபாய் உதவும். முன்னங்கால் எலும்பில் விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் வலித்தால், அது எலும்பு முறிவின் தொடக்கமாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை ஓடக் கூடாது. வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது வேண்டவே வேண்டாம். ஐபூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையும் நீரிழப்பும் சேர்ந்தால் சிறுநீரகத்தைத் தாக்கும். ஓடும்போது உடம்பு சில்லிட்டு மயிர் கூச்செறிந்தால், பேச்சு குழறினால், அது வெப்பம் தலைக்கேறுவதன் அறிகுறி: நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து, தண்ணீரை உடம்பில் ஊற்றிக் குளிரவைத்து உதவி கேளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருப்பவர்கள் புரட்டாசிக்கு முன்பே இதயப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும்.

ஆபீஸில் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடிக்கப் போங்கள். வீடியோ தேவையில்லாத அழைப்புகளை நின்றபடி பேசலாம்.

வீட்டில் ஞாயிறு காலை யாருடையது என்பதை முதல் வாரமே பேசி முடிவு செய்யுங்கள். ஐந்துக்குக் கிளம்பி எட்டுக்குள் வீட்டில் இருப்பேன், அதற்குமேல் நாள் முழுக்க வீட்டுக்கு என்று சொன்னால் அதைக் காப்பாற்றுங்கள். ஓட்டம் முடிந்து நண்பர்களோடு பத்து மணி வரை டிஃபன் சாப்பிட்டு வந்து, பிற்பகல் முழுக்கத் தூங்கினால் கார்த்திகை லாங் ரன்னுக்கு வீட்டில் ஆதரவு இருக்காது. அப்படி இருக்கவும் கூடாது. மனைவியோ கணவரோ அந்த நேரத்தில் உங்கள் பங்கு வேலையையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

மார்கழி

கடைசி மூன்று வாரம்: 38, 28, பிறகு பந்தய வாரம். தூரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். செவ்வாய் ஆயிரம் மீட்டர் மூன்று, வியாழன் டெம்போ 12 நிமிடம். பந்தய வாரத்தில் செவ்வாயன்று பந்தய வேகத்தில் 3 கி.மீ., வியாழன், சனியில் இருபது நிமிட மெல்லோட்டம், அவ்வளவே. கால் துறுதுறுக்கும், எடை கூடுவதுபோல் தோன்றும். அதைக் கேட்டுக் கூடுதலாக ஓடி ஏமாறாதீர்கள். பிப் (மார்பில் குத்தும் எண் தாள்) வாங்கும் வேலையை, அதை வழங்கத் தொடங்கும் முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள், சனிக்கிழமை வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்காமல்.

பந்தயத்துக்கு முந்தைய இரவு தூக்கம் வராது, பரவாயில்லை. வெள்ளி இரவுத் தூக்கம்தான் கணக்கில் சேரும். அன்று ஆபீஸ் கால் எதுவும் ஏற்காதீர்கள். சனி மதியம் சோறு நிறைய, இரவு சீக்கிரமாகத் தயிர்சாதம். பந்தயக் காலை இரண்டரை மணி நேரம் முன்பு சர்க்கரை தொட்டு மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம். சாம்பார், பால், புதிய ஜெல், புதிய ஷூ எதுவும் வேண்டாம். தொடை இடுக்கிலும் அக்குளிலும் மார்புக்காம்பிலும் வாஸ்லைன்.

கூட்டத்தில் வளைவுகளைச் சுற்றி ஓடுவதால் கடிகாரம் 21.1-க்கு மேல் காட்டும். ஆகவே 4:58-ஐ நம்பாமல் 4:56-க்குக் குறி வையுங்கள். முதல் மூன்று கி.மீ. 5:05, மார்கழிக் குளிரும் கூட்டமும் இன்னும் வேகமாக இழுக்கும், பிடித்து நிறுத்துங்கள். நான்காவதிலிருந்து 4:56. 5 கி.மீ. பலகையில் 25:07, 10-இல் 49:47, 15-இல் 1:14:27, 20-இல் 1:39:07. இந்த நான்கு எண்ணையும் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள், வியர்வையில் அழியாத மையில். 6, 13-ஆவது கி.மீ. அருகே ஒவ்வொரு ஜெல், தண்ணீரோடு. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் இரண்டு மடக்கு, மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்ளலாம். 16-க்குப் பிறகு வேகம் நழுவினால் காலடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். எட்டி எட்டி வைத்தால் தொடை பிடித்துக்கொள்ளும்.

முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். திங்கள் லீவு ஏற்கெனவே போட்டாயிற்று. ஒரு வாரம் ஓட்டமே வேண்டாம், இரண்டாவது வாரம் ஈஸி மட்டும். பொங்கல் விடுமுறை அதற்குள்ளேயே வந்துவிடும், தையில் முகூர்த்தங்களும் ஆரம்பித்துவிடும். செவ்வாய், வியாழக் காலைகளையும் ஞாயிறையும் அந்த இரண்டு வாரம் முழுதாக வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.